மூன்று மணி நேரத்தில் 180 முடிவுகள்

நீட் எழுதப் போகும் பிள்ளைகளே,

பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்ற பிறகும் சனி, ஞாயிறுகளில் உங்களைப் போன்றவர்களோடுதான் இருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள்: "சார், தெரிஞ்ச கணக்குதான், ஆனா நேரம் பத்தலை. வேகமா போடுறது எப்படி?" அதற்கு வகுப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே கோத்து எழுதுகிறேன். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு 'நீ' என்றே எழுதுகிறேன். நீட் வேண்டுமா, வேண்டாமா என்பதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. மே மாதம் வினாத்தாளைக் கையில் வாங்கப்போகிற பிள்ளையிடம் அதைப் பேசி நேரத்தைத் தின்ன மாட்டேன்.

1. நேரத்தைச் சமமாகப் பங்கு போடாதே.

2025-ல் நடந்த தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். கேள்விக்கு ஒரு நிமிடம் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வட்டத்தை ஒழுங்காகக் கருப்பாக்க 5 நொடி என்று வைத்தாலும் 180 வட்டங்களுக்கு 15 நிமிடம் போய்விடும். மீதி 165. உயிரியலுக்கு 45, வேதியியலுக்கு 50, இயற்பியலுக்கு 70 என்று நான் பிரித்துக் கொடுப்பேன். உயிரியலில் கேள்விக்கு அரை நிமிடம் போதும். அங்கே பெரும்பாலும் விடை தெரியும், அல்லது தெரியாது. உட்கார்ந்து யோசித்து வரவழைக்க முடியாது. அங்கே மிச்சம் பிடித்த நேரத்தில்தான் இயற்பியலில் மூச்சு விட முடியும்.

பழைய தாள்களை வைத்துப் பயிற்சி செய்யும்போது ஒன்றைக் கவனி. 2022 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடை எழுதச் சொன்னார்கள். நேரமும் 200 நிமிடம். அந்தத் தாளை அப்படியே எடுத்து அன்றைய நேரத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, "எனக்கு நேரம் மிஞ்சியது" என்று நம்பிவிடாதே.

2. வேகம் கையில் இல்லை.

வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஓர் ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த காய் அமைப்பை ஐந்து நொடி காட்டி மூடினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப வைத்தார். புதியவருக்குச் சிலதான் நினைவிருந்தது. பிறகு காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் பரப்பிக் காட்டினார்கள். தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இருந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துபோனது. தேர்ந்தவரின் நினைவாற்றல் பொதுவாக எதிலும் பெரிதாக இருக்கவில்லை. பழகிய அமைப்புகளைக் கண்டவுடன் அடையாளம் தெரிந்ததுதான் அவருடைய பலம்.

நீ தேடும் வேகமும் அதுதான். வேகமாக யோசிக்கிறவன் என்று நாம் சொல்கிற பையன் பல இடங்களில் யோசிப்பதே இல்லை. 'இது ஆற்றல் மாறாமையில் முடியும் கணக்கு, விசை வரைபடம் வேண்டாம்' என்ற முடிவை அவன் போன டிசம்பரிலேயே எடுத்துவிட்டான். தேர்வு அறையில் அதை நினைவுகூர்கிறான். ஆகவே, கணக்குப் போட்டு முடித்ததும் விடையைச் சரிபார்த்துவிட்டு அடுத்ததற்கு ஓடாதே. அரை நிமிடம் நின்று, 'இந்தக் கேள்வியின் எந்தச் சொல் எனக்கு வழியைக் காட்டியது?' என்று கேட்டு ஒரு வரி எழுதிவை. "வழுவழுப்பான தளம்" என்றால் உராய்வு இல்லை. "மெதுவாக" என்றால் இயக்க ஆற்றலைக் கணக்கில் எடுக்க வேண்டாம். "அதிகபட்ச உயரத்தில்" என்றால் செங்குத்துத் திசைவேகம் சுழி. இந்த வரிகள்தான் நாளைக்கு உன் வேகம்.

3. முதல் சில மாதங்கள் கடிகாரத்தைத் தள்ளி வை.

ஒரு பாடத்தை மெதுவாகச் சரியாகப் போடத் தெரியாதவன் வேகமாகப் போடப் பழகினால், தவறைத்தான் வேகமாகப் பழகுகிறான். ஒரு பாடத்தில் பத்துக்கு ஒன்பது நேரமின்றிச் சரியாக வருகிறதா? அதன் பிறகு கடிகாரத்தை எடு. இந்த வரிசையை மாற்றாதே.

4. ஒரே பாடத்தின் ஐம்பது கணக்குகளைத் தொடர்ந்து போடாதே.

புத்தகத்தில் பாடத்தின் முடிவில் உள்ள கணக்கைப் போடும்போது எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. வெப்ப இயக்கவியலுக்கு அடுத்து அலைகள், அதற்கடுத்து மின்னோட்டம் என்று வரும். ஆகவே பாடம் முடிந்தபின் பழைய பாடங்களோடு கலந்து போடு. ஒரு நாளைக்கு இருபது கேள்வி என்றால் இருபதும் வேறு வேறு இடத்திலிருந்து வரட்டும். முதல் சில வாரங்கள் மதிப்பெண் குறையும், மனம் சோரும். விடாதே, எந்த வழி என்று தேர்ந்தெடுக்கும் பயிற்சி அப்போதுதான் நடக்கிறது.

5. கேள்வியின் கடைசி வரியை முதலில் படி.

என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தபின் மேலே போய்ப் படித்தால் எந்த எண் தேவை, எது அலங்காரம் என்று கண் தானே பிரிக்கும். "தவறானது எது", "பொருந்தாதது எது", "தவிர" என்ற சொற்களைக் கண்டவுடன் வினாத்தாளிலேயே வட்டமிடு. உயிரியலை வரி வரியாக ஒப்பிக்கக்கூடிய ஒரு பெண் என்னிடம் படித்தாள். பயிற்சித் தேர்வுகளில் அவள் இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லில் போனது. முதல் கூற்று உண்மை என்று பார்த்ததும் (1)-ஐக் கருப்பாக்கிவிடுவாள். கேட்டதோ தவறான கூற்றை. வட்டமிடும் பழக்கம் வந்தபின் அது நின்றது. வேறு எதையும் அவள் மாற்றவில்லை.

6. கேட்காததைக் கணக்கிடாதே.

இந்த அறிவுரையில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன். இயற்பியலில் நேரம் இழப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் இழக்கிறார்கள்.

ஒரு பொருளின் உந்தம் 20 சதவீதம் கூடினால் இயக்க ஆற்றல் எத்தனை சதவீதம் கூடும்? இதைப் பார்த்ததும் நிறை இவ்வளவு, திசைவேகம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு அரைப் பக்கம் எழுதுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். நிறை மாறவில்லை. இயக்க ஆற்றல் உந்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 1.2-இன் இருமடி 1.44. கூடியது 44 சதவீதம். பத்து நொடி. கேள்வியில் 'எத்தனை மடங்கு', 'விகிதம்', 'சதவீதம்' என்ற சொல் இருந்தால், மாறாத அளவுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மாறுவதை மட்டும் எழுது.

கதிரியக்கப் பொருளில் எட்டில் ஏழு பங்கு சிதைந்துவிட்டது, எத்தனை அரை ஆயுட்காலம்? மிஞ்சியது எட்டில் ஒன்று, பாதி, கால், அரைக்கால், ஆகவே மூன்று. மடக்கைச் சூத்திரம் எழுத வேண்டியதே இல்லை.

இன்னொரு வழி, எல்லையில் நிறுத்திப் பார்ப்பது. ஒரு கப்பியின் இருபுறமும் இரண்டு நிறைகள் தொங்குகின்றன. முடுக்கத்துக்கு நான்கு கோவைகள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நிறையும் சமமானால் எதுவும் அசையக் கூடாது. அப்போது சுழியாகாத கோவைகளை அடித்துவிடு. ஒரு பக்கத்து நிறையே இல்லையென்றால் மற்றது தடையின்றி விழ வேண்டும்; அப்போது புவியீர்ப்பு முடுக்கத்தைத் தராதவற்றையும் அடி. பல நேரங்களில் ஒன்றுதான் மிஞ்சும். இது குறுக்குவழி என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒரு சூத்திரம் இயற்கையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் இயற்பியல். ஆராய்ச்சி செய்கிறவர்களும் தங்கள் விடையை முதலில் இப்படித்தான் சோதிப்பார்கள்.

பரிமாணம் பார்ப்பதும் இதே இனம். நேரத்தைக் கேட்கும் கேள்விக்கு நீளத்தின் பரிமாணம் உள்ள விடை இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

7. விடைகள் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்கு.

நான்கு விடைகளும் பத்தின் அடுக்கில் மட்டும் வேறுபட்டால் அடுக்குகளை மட்டும் கூட்டிக் கழி. முன்னால் உள்ள எண்ணைத் தொடாதே. விடைகள் 12, 25, 48, 96 என்று விலகி நின்றால் பையின் இருமடியை 10 என்று எடுத்தாலும் கெடுதல் இல்லை. 2.42, 2.48 என்று நெருங்கி நின்றால் மட்டும் கவனமாகப் பெருக்கு. எவ்வளவு துல்லியம் தேவை என்பதை விடைகளே சொல்கின்றன. தேவைக்கு மேல் துல்லியமாகப் போடுவதும் நேர விரயம்தான்.

8. சிலவற்றை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

கால்குலேட்டர் கிடையாது. 30 வரை இருமடிகள். இருபதில் ஒன்று வரை பின்னங்களின் தசம மதிப்பு. 2, 3, 5, 7-இன் மடக்கைகள். 2, 3, 10-இன் இருமடி மூலங்கள். 0.002 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். கேட்டால், 2-இன் மடக்கை 0.301 என்று தெரிந்தவனுக்கு 3-லிருந்து கழித்து 2.7 என்று எழுத ஒரு கணம் போதும். ஒளித்துகளின் ஆற்றல் கேட்டால், அலைநீளம் நானோமீட்டரில் இருக்கும்போது 1240-ஐ அதனால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட்டில் விடை வரும்: 500 நானோமீட்டருக்கு 2.48. பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் ஒவ்வொரு முறையும் எழுதிப் பெருக்குகிறவன் அதே இடத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறான்; வழியில் அடுக்கில் தவறும் இடங்களும் அவனுக்கு அதிகம்.

9. உன் விடை நான்கில் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

கேள்வி தயாரிப்பவர் தவறான விடைகளைச் சும்மா எழுதுவதில்லை. மாணவர் எங்கே சறுக்குவார் என்று தெரிந்து, அந்தச் சறுக்கலின் விடையை அங்கே வைக்கிறார். உந்தக் கணக்கில் 40 சதவீதம் என்பதும் ஒரு விடையாக இருக்கும். 20-ஐ இரட்டித்தவருக்கு அது மகிழ்ச்சியாகக் கிடைக்கும். சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தவருக்கு ஒன்று, ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டவருக்கு ஒன்று. ஆகவே கருப்பாக்கும் முன் இரண்டே சோதனை செய்: அலகு சரியா? அளவு நம்பும்படி இருக்கிறதா? நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த கல் 20 மீட்டர் போகும். 200 மீட்டர் என்று உனக்கு வந்தால், கையால் எறிந்த கல் அவ்வளவு உயரம் போகுமா என்று கேள்.

10. மூன்று சுற்று.

முதல் சுற்றில் வழி உடனே தெரிவதை மட்டும் செய். இருபது நொடி பார்த்தும் வழி தெரியவில்லை என்றால் கேள்விக்குறி போட்டு நகர். வழி தெரிகிறது, ஆனால் நீளம் என்றால் ஒரு கோடு போட்டு நகர். இரண்டாம் சுற்று கோட்டுக்கு. மூன்றாவது கேள்விக்குறிக்கு. எந்த அடையாளம் எதற்கு என்பதை வீட்டிலேயே முடிவு செய்து எல்லாப் பயிற்சித் தேர்விலும் அதையே போடு.

இதில் கடினமானது நகர்வதுதான். நாலு நிமிடம் செலவழித்துவிட்டோமே என்ற எண்ணம் இன்னும் இரண்டு நிமிடத்தை இழுக்கும். போன நாலு நிமிடத்தில் உயிரியலில் எட்டுக் கேள்வி இருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் நின்றால் மேலும் நாலு போகும். எட்டுக் கேள்வியைப் படிக்காமல் விடுவது 32 மதிப்பெண்ணை எட்டிப் பார்க்காமலே விடுவது.

2025-இல் இயற்பியல் பகுதி பலரை அழவைத்தது. அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பெற்றவர் எடுத்தது 686. அதற்கு முந்தைய ஆண்டு, திருத்திய பட்டியலில் 17 பேர் 720 எடுத்திருந்தார்கள். தாள் கடினமானால் எல்லோருக்கும் கடினம். முதல் பக்கத்தில் தொடர்ந்து மூன்று கேள்விகள் புரியவில்லை என்றால் உனக்கு எதுவும் தெரியவில்லை என்று பொருள் இல்லை. பக்கத்தைத் திருப்பு.

11. ஊகிப்பதற்கும் கணக்கு உண்டு.

"மைனஸ் மார்க் இருக்கு, தெரியாததைத் தொடாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். போட்டுப் பார்ப்போம். நான்கில் எதுவும் தெரியாமல் ஒன்றை எடுத்தால், நாலு கேள்விக்கு ஒன்று சரியாகும்: 4 வரும், 3 போகும். கேள்விக்குச் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடையை உறுதியாக அடிக்க முடிந்தால் சராசரி லாபம் மூன்றில் இரண்டு மதிப்பெண். இரண்டை அடித்தால் ஒன்றரை. ஆகவே இரண்டை அடித்த கேள்வியைப் பயத்தில் காலியாக விடுவது நஷ்டம்.

ஆனால் சராசரி என்பது பல முறை செய்தால் வருவது. உனக்கு இருப்பது ஒரு பிற்பகல். 20 கேள்வியைக் கண்மூடி அடித்தால் சராசரி 5 கூடும் என்றாலும், மூன்றே சரியாகி 12 வந்து 17 போவதும் நடக்கும். மூன்றோ அதற்குக் குறைவோ சரியாவதற்கு ஏறக்குறைய நூற்றுக்கு 22 வாய்ப்பு. எதையும் அடிக்க முடியாத கேள்வியை விட்டுவிடு, ஒன்றை அடிக்க முடிந்தால் நேரம் இருக்கும்போது பார், இரண்டை அடித்துவிட்டால் எழுது. இதையும் அறைக்குப் போகுமுன்பே முடிவு செய்துவிடு. நாலே முக்கால் மணிக்கு வியர்த்துக்கொண்டு எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருக்காது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளையாக நீ இருந்தால், தமிழ்நாட்டில் 2020 முதல் உனக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களுக்கான போட்டி உன்னைப் போன்ற பிள்ளைகளோடுதான். 180-ஐயும் முடித்தே தீர வேண்டும் என்ற பதற்றம் உனக்குத் தேவையே இல்லை. தெரிந்த 120-ஐ நிதானமாகச் சரியாக எழுதுவது, 180-ஐயும் அள்ளித் தெளிப்பதைவிட உன்னை வெகுதூரம் கொண்டுபோகும்.

12. தமிழில் எழுதுகிறவர்களுக்கு.

உன் வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. நீ செய்ய வேண்டியது இது: கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்து வை. தமிழ் வாக்கியம் இரண்டாவது முறை படித்தும் தெளியவில்லை என்றால் மூன்றாவது முறை படிக்காதே, ஆங்கிலத்துக்குத் தாவு.

13. பிழை நோட்டு ஒன்று வைத்துக்கொள்.

பயிற்சித் தேர்வு எழுத மூன்று மணி நேரம் என்றால் அதை அலச நாலு மணி நேரம் கொடு. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுது: பாடம் தெரியவில்லை, கேள்வியைத் தவறாகப் படித்தேன், வழி சரி ஆனால் கணக்கில் சறுக்கினேன், வட்டத்தை மாற்றிக் கருப்பாக்கினேன். 'கவனக்குறைவு' என்று எழுதாதே. அதைத் திருத்த முடியாது. 'கழித்தல் குறியை அடுத்த வரிக்குக் கொண்டுபோகவில்லை' என்று எழுது, அதைத் திருத்தலாம். நாலைந்து தேர்வுகளில் உன் தவறுகள் இரண்டு மூன்று வகைக்குள் அடங்குவதைக் காண்பாய். வாரத்துக்கு மூன்று பயிற்சித் தேர்வு எழுதிவிட்டு ஒன்றையும் திரும்பிப் பார்க்காத பிள்ளைகளுக்கு மதிப்பெண் அதே இடத்தில் நிற்பது ஆச்சரியமில்லை.

14. பிற்பகல் இரண்டு மணிக்குப் பயிற்சி செய்.

தேர்வு 2 மணி முதல் 5 மணி வரை. 1.30-க்கு வாசலை அடைத்துவிடுவார்கள். மே மாத வெயிலில் வரிசையில் நின்று, சோதனை முடிந்து உள்ளே போய் உட்காரும் நேரம், சாதாரண நாளில் உனக்குக் கண் சொருகும் நேரம். காலை ஐந்து மணிக்கு எழுந்து படித்துப் பழகியவனுக்கு மதியம் மூன்றரைக்கு மூளை மந்தமாகும். கடைசி இரண்டு மாதம் முழுத்தேர்வை எல்லாம் அந்த நேரத்திலேயே, மின்விசிறி தள்ளி இருக்கிற மேசையில், கைக்கடிகாரம் இல்லாமல் எழுது. கடிகாரம் கட்டிக்கொண்டு உள்ளே போக முடியாது. முந்தின இரவு தூக்கத்தைக் குறைத்துப் படிக்கும் நாலு பக்கத்துக்காக மறுநாள் மூன்று மணி நேரத்தையும் மங்கலாக்கிக்கொள்ளாதே.

15. பக்கத்துக்குப் பக்கம் கருப்பாக்கு.

எல்லாவற்றையும் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்தால் ஒரு வரி தவறி அடுத்த முப்பதும் இடம் மாறும். ஒவ்வொரு கேள்விக்கும் தாளுக்குத் தாவினால் சிந்தனை அறுபடும். வினாத்தாளில் ஒரு பக்கம் முடித்து, விடை எண்ணை அங்கேயே குறித்து, பிறகு மொத்தமாக ஓ.எம்.ஆர். தாளுக்குப் போ. பேனாவால் கருப்பாக்கியதை அழிக்க முடியாது. மனம் மாறுவதெல்லாம் வினாத்தாளிலேயே மாறி முடியட்டும்.

16. வெளியே வந்தபின்.

வாசலில் நிற்கும் கூட்டத்தில் விடை ஒப்பிட்டுப் பார்க்காதே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. பிறகு தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பையும் உன் ஓ.எம்.ஆர். தாளின் நகலையும் வெளியிடும். அன்று உட்கார்ந்து ஒவ்வொரு வட்டமும் நீ கருப்பாக்கியபடி பதிவாகியிருக்கிறதா என்று பார். விடைக்குறிப்பே தவறு என்று தோன்றினால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். அந்தப் பணம் திரும்ப வராது. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, உன் ஆசிரியரிடம் காட்டி, அவரும் ஆமாம் என்ற பிறகு கட்டு.